வாளி

வின்டர்தூரில், மூன்றாம் அறையில் என் கதிரை.
அதிலிருந்து பார்த்தால் அவள் முகம் தெரியும்.
கிட்டப் போனால் தெரியாது:
ஒரு ரோசாப் பூச்சு,
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளையாய் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

'தோட்டத்தில் என் தங்கை' என்று
ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஒட்டியிருக்கிறார்கள்.
பெயர் ஒர்தான்ஸ்.
பதினொரு வருடமாக நான் அவளுக்குக் காவல்.
கை நீட்டுகிறவர்களிடம் "பிட்டே" என்பேன்.
அதற்குமேல் அவள் விஷயத்தில் எனக்குப் பேச்சில்லை.

வழிகாட்டிகள் ஊதா நிழலைச் சொல்வார்கள்.
ஆப்பிள் இலைகளுக்குள்ளால் வெயில்
சில்லறையாய் அவள் மடியில் கொட்டுவதைச் சொல்வார்கள்.
வாளியை ஒருவரும் சொல்வதில்லை.

கதிரைக் காலுக்குப் பின்னால், பாதி புல்லுக்குள்,
சாம்பல் நிறத்தில்.
மூன்று வருடம் நானும் அதைக் கல் என்றே நினைத்திருந்தேன்.
மாரிக்காலத்து வியாழன் ஒன்று, ஆளில்லாத அறை.
பிடி தெரிந்தது, வளைந்த ஒற்றைக் கோடாக.
பிறகு எல்லாம் தெரிந்தது.
அவரைக்குத் தண்ணீர் வார்க்கப் போனவளை
மறித்து இருத்தியிருக்கிறான்.
கொஞ்சம் இரு, வெளிச்சம் போய்விடும்.
மடியில் அந்தக் கைகள் ஓய்ந்து கிடக்கவில்லை.
ஈரம் துடைத்துக்கொண்டிருக்கின்றன.

முதல் ஞாயிறு இலவசம்.
சூரிச்சில் சமையலறை வேலைக்குப் போகிற வழியில்
அண்ணன் யோகரூபன் வந்தான்.
ரயிலுக்குப் பதினான்கு நிமிடம்.
சுவரில் எதையும் பார்க்கவில்லை.
என் சீருடையைப் பார்த்தான், சப்பாத்தைப் பார்த்தான்,
வீங்கின கணுக்காலைப் பார்த்துவிட்டுப்
பார்க்காததுபோல் போனை எடுத்தான்.
"அந்தப் படத்துக்குப் பக்கத்திலை நில்லு. ஆடாதை."

ஆடிவிட்டேன். ஒரு சின்னப் பெடியன்
கயிற்றுக்கு மேலால் கை நீட்டினான்.
போனுக்குள் வந்தது
நீலமாய் ஒரு பூச்சு, மண்ணிறமாய் ஒன்று,
கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இழுப்பு.
"சரிவரேல்லை, அழிக்கிறன்" என்று விரலை வைத்தான்.

"பிட்டே" என்றேன்.

எனக்கே சிரிப்பு வந்தது.
அவன் சிரிக்கவில்லை. விரலை எடுத்தான்,
சட்டைப்பைக்குள் போனைப் போட்டான்,
கதவுவரை போனான்.
அங்கே நின்று முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்,
எட்டடி தள்ளி நின்று பார்க்கவேண்டும் என்று
யாரும் சொல்லாமலே.

"உது என்ன, வாளியோ?"

ரயிலுக்கு நாலு நிமிடம் இருந்தது.