காலுறையில் ஒரு விதை

கேப்டவுனிலிருந்து ஏழு நாள் கப்பல்.
பிறகு மூன்று நாள்
அலை அடங்கக் காத்திருப்பு.
நான்காம் நாள் விடியுமுன்
ஆர்லீன் கதவைத் தட்டினாள்.
நகக்கண்ணில் உருளைக்கிழங்குப் பாத்தி மண்.
"இன்னிக்கு விடும். சாயங்காலம் வரைக்கும்
உத்தரவாதம் இல்ல."

படகேறுமுன் சோதனை.
என் பூட்ஸின் அடிப்பள்ளங்களை ஊசியால் கிளறினாள்.
சட்டைப்பைகளை வெளியே இழுத்து உதறினாள்.
இடது காலுறையின் நூலிழையில்
ஒரு புல்விதை.
எந்த ஊர்ப் புல்லோ,
என்னோடு எத்தனை விமானம் ஏறி இறங்கியதோ.
இடுக்கியால் எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு மூடினாள்.
திருடனைப் பிடித்த முகமில்லை.
பேன் பார்க்கும் முகம்.

அந்தத் தீவுக்குக் கரை என்று ஒன்றில்லை.
கடலிலிருந்து நேராக எழும் கறுப்புச் சுவர்,
அடியில் கொஞ்சம் கூழாங்கல்.
அலை தூக்கும் கணத்தில் குதிக்க வேண்டும்.
"இப்ப" என்றாள். யோசித்தேன்.
அடுத்த "இப்ப"வில் குதித்து
முழங்காலைக் கிழித்துக்கொண்டேன்.

இடுப்புயரப் புல்.
மிதித்தால் உள்வாங்கும் தரை,
அடியில் கடற்பறவைகளின் வளைகள்.
அவள் கால் எடுத்த இடத்தில் என் கால்.

ஒரு கானாங்கோழியைப் பார்க்கத்தான் இத்தனையும்.
உள்ளங்கையளவு, கறுப்பு,
கண் மட்டும் சிவப்பு.
இந்த ஒரு பாறையைத் தவிர
பூமியில் வேறெங்கும் கிடையாது.
பறந்து வந்த குலம்தான்.
துரத்த ஆளில்லாத ஊரில்
சிறகுக்குச் சோறு போடுவது வீண்செலவு என்று
விட்டுவிட்டது.

"எங்காளுங்களும் அப்படித்தான்" என்றாள்.
அறுபத்தொன்றில் அவர்கள் தீவில் மலை வெடித்தது.
ஊர் மொத்தமும் இங்கிலாந்து போனது.
பேருந்து, தெருவிளக்கு, வாரக்கூலி.
இரண்டு வருஷத்தில் ஓட்டுப் போட்டுத்
திரும்பிவிட்டார்கள்.
ஏன் என்று கேட்டேன்.
"கிழங்கு நட வேண்டாமா?"

மூன்று மணி நேரம்.
இங்கே ஒரு கீச்சு, அங்கே ஒரு கீச்சு.
புல்லடியில் ஏதோ குறுக்கே ஓடியது.
"எலி" என்றேன், வாய் தவறி.

ஆர்லீன் அசையவில்லை.
உதடு வெளுத்திருந்தது.
ஒரே ஒரு எலி போதும்,
அதுவும் சினையாக இருந்தால்.

புல் விலகியது.
சிவப்புக் கண் ஒன்று எங்களை எடைபோட்டு
மறுபடி புல்லானது.
அவள் மூச்சுவிட்ட சத்தம்
இப்போதும் கேட்கிறது.
பறவை எப்படி என்று கேட்கிறவர்களுக்கு
என்னிடம் பதிலில்லை. அந்த நேரம்
நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் படகில், நடுக்கடலில்,
தீப்பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.
இருக்கிறது.