சானா

ஏப்ரல் கடைசியில் வரிக் கணக்கு ஒப்படைத்தேன்.
ஆகஸ்டு பிறந்துவிட்டது.
அறுநூற்று நாற்பத்து மூன்று வெள்ளி இருபது சென்
ஹாசிலிலிருந்து கிளம்பிவிட்டதாம்.
கோலக்கெட்டிலுக்கு வந்து சேரவில்லை.

கிளம்பிய தேதி திரையில் நிற்கிறது:
ஜூன் பத்தொன்பது.
அன்று நல்ல மழை.
செம்பனைக் குலை ஏற்றிய பதினேழு லாரிகளை
எடைமேடையில் ஏற்றி இறக்கினேன்.
என் பணம் எதிலும் வரவில்லை.

நாற்பத்தேழு நிமிடம்
போனில் ஒருத்தி ‘சிலா துங்கு’ என்றாள்.
அதற்குள் பாக் சுவின் லாரி
உள்ளே போய், கொட்டிவிட்டு, திரும்பியும் வந்தது.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
சுமையோடு ஓர் எடை
சுமையில்லாமல் ஓர் எடை
கழித்து எழுதினேன்.
இருபத்திரண்டு வருடமாக இந்தக் கழித்தல்தான்
எனக்குச் சோறு போடுகிறது.
கூடுதலாய்ப் பிடித்தது எவ்வளவு என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

இதற்கிடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்.
தற்காலிக அடைப்பு, ஒரு மாதம் தாங்கும் என்றார் டாக்டர் வூங்.
மே மாதம் சொன்னது.
பணம் வரட்டும், தொப்பி போட்டுக்கொள்ளலாம் என்று
அன்றிலிருந்து
இடப்பக்கமே மென்றுகொண்டிருக்கிறேன்.

அரைநாள் லீவு போட்டு
சுங்கைப்பட்டாணிக்கு பஸ் ஏறினேன்.
புவான் நோராஸ்லினா கண்ணாடியைத் துடைத்துவிட்டு
திரையை என் பக்கம் திருப்பினார்.
பணம் போயிருக்கிறது.
பேங்க் வாங்காமல் திருப்பியிருக்கிறது.
பெயர் ஒத்துவரவில்லையாம்.

மங்களேஸ்வரியில் குற்றமில்லை.
இரண்டு இடத்திலும் அவள் முழுசாக இருந்தாள்.
சாய்கோட்டுக்கு அந்தப்பக்கம்தான் தகராறு.
ஹாசிலில் என் அப்பா எஸ்ஸில் தொடங்குகிறார்,
பேங்கில் சியில்.

பிறப்புப் பத்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்த
தோட்டத்துக் கிராணிக்கு எஸ் வாய்த்தது.
கணக்குத் திறந்துகொடுத்த பையனுக்கு
விரல் சியில் விழுந்தது.
அப்பாவுக்கு இரண்டுமே பழக்கமில்லை.
சம்பளப் புத்தகத்தில் ஒரு சானா போடுவார்,
பக்கத்தில் ஒரு புள்ளி.
தீர்ந்தது கையெழுத்து.
தமிழில் அவர் ஒரே ஆள்.

“எது உன் அப்பா?” என்றார் புவான்.
“ரெண்டும்தான்” என்றேன்.
பக்கத்து முகப்பில் இருந்தவரும் சிரித்துவிட்டார்.
சிரித்தபடியே ஒரு பாரத்தை நீட்டினார் புவான்,
இரண்டு பக்கம், நீல மையில்.

பிறகு பேங்க்.
தேவேந்திரன் என்னோடு படித்தவன்,
படித்ததைக் காட்டிக்கொள்ளாமல்
அடையாள அட்டை கேட்டான், பிறப்புப் பத்திரம் கேட்டான்.
“அப்பாவோட இறப்புப் பத்திரம் இருக்கா?”
இல்லை என்றேன்.
கைப்பைக்குள்தான் இருந்தது.
அதில் அப்பா
மூன்றாவது விதமாக இருந்தார்.

செப்டம்பர் பதினொன்று, வியாழன்,
பிற்பகல் மூன்றே கால்.
மேசையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
அறுநூற்று நாற்பத்து மூன்று வெள்ளி இருபது சென்.
அலைந்த பஸ் கூலி அதில் இல்லை.

பல் அடைப்பு போன வாரமே
வறுத்த கச்சானோடு வயிற்றுக்குள் போய்விட்டது.
இனி வேர் வரை போகணும், தொள்ளாயிரம் ஆகும்
என்று சொல்லியிருக்கிறார் டாக்டர் வூங்.
தொள்ளாயிரத்தில் இதைக் கழித்துப் பார்த்தேன்.
பழக்கம்.

எடைமேடையில் பாக் சு ஹார்ன் அடித்தார்.
நிகர எடை ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது.
சீட்டின் அடியில்
என் சுருக்கொப்பம் போட வேண்டிய இடத்தில்
ஒரு சானா போட்டு
பக்கத்தில் புள்ளி வைத்தேன்.

பாக் சு அதைத் தலைகீழாய் ஒருமுறை பார்த்தார்.
சட்டைப்பையில் செருகிக்கொண்டு
கியரைத் தட்டினார்.