வால்விலிருந்து ஒரு சாண்

வைகாசியில் மட்டும் ஐந்து தரம்.
ஐந்தும் பின்சில்லு.
ஐந்தாவது, முத்தையன்கட்டு ரோட்டில், பொழுதுபட,
யானை கடக்கிற மதகுக்கு இந்தப் பக்கம்.
கரியரில் இரண்டு கேன் பால்.
மோட்டரோடும் பற்றறியோடும் சைக்கிளே முப்பது கிலோ.
காற்றில்லாமல் உருட்டிப் பாருங்கள்,
அது சைக்கிள் இல்லை,
வரமாட்டேன் என்று கால் ஊன்றிய கிடாரி.

"கரண்ட் சில்லு நான் கழட்டமாட்டன் தங்கச்சி"
என்றார் ஒட்டுசுட்டான் சந்தி அற்புதராசா.
வயரைக் கண்டால் கையைப் பின்னுக்குக் கட்டுகிறவர்.
ரயரை ஒருபக்கம் மலத்தி
ரியூபைக் குடல்போல வெளியே இழுத்து
ஒட்டித் தந்தார். காரணமும் தந்தார்:
"கிரவல்." பிறகு குரலைக் குறைத்து,
"எங்க வெட்டின கிரவல் எண்டு தெரியும்தானே."

தெரியும்.
பால் ஊற்ற வருகிறவர்களும் அதையே சொன்னார்கள்.
நோர்வேயிலிருந்து அண்ணன், போனில், அதையே.
அதற்குப் பிறகு ஒருவரும்
சில்லைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்பீக்கர்க் காந்தம் ஒன்றை நைலோன் கயிற்றில் கட்டி
ஞாயிறு காலை அரைக் கட்டை இழுத்து நடந்தேன்.
சோடா மூடி நாலு. கூரை ஆணி ஒன்று.
பாதிக் கொண்டை ஊசி.
பச்சைப் பெயின்ற் கொஞ்சம் மிஞ்சிய
வேறொரு துண்டு.
அதைத் தனியாகச் சுற்றினேன், வீட்டில் காட்டவில்லை.
கூர் இருந்தது அதற்கு.
கூர் இருப்பதெல்லாம் குத்தினதாகிவிடாது.

என் வேலை பால் அளப்பது.
லக்ரோமீற்றர் சொல்லாமல்
ஒருவரின் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் என்று
நான் எழுதினதில்லை.

அன்றிரவு சைக்கிளைக் கவிழ்த்தேன்.
வால்வுக்கு நேரே ரயரில் ஒரு சோக்குக் கோடு.
மோட்டர் வயரின் பூட்டு, அம்புக்குறி பார்த்து, மெல்ல.
பதினெட்டாம் நம்பர் சாவி, இரண்டு நட்டு.
வாஷர்கள் வந்த ஒழுங்கிலேயே சாக்கில் படுத்தன.
பேசினில் ரியூபை அமுக்க
பழைய ஒட்டின் விளிம்பில் குமிழ்.
அந்த ஒட்டின் கீழே இன்னொன்றின் விளிம்பு,
அதன் கீழே இன்னொன்று.
வால்விலிருந்து ஒரு சாணும் நாலு விரலும்:
ஐந்து ஓட்டையும் ஒரே வளவில் குடியிருந்தன.

கோட்டிலிருந்து அதே சாண், அதே விரல் வைத்து
ரயரின் உள்வயிற்றைப் பஞ்சால் துடைத்தேன்.
முள்ளோ தகடோ இருந்தால் பஞ்சு மாட்டும்.
மாட்டவில்லை. முழுச் சுற்றும் மாட்டவில்லை.
ரியூபைத் திருப்பி விளக்கடியில் பிடித்தபோதுதான்
ஓட்டைகள் ரோட்டைப் பார்த்தே இருக்கவில்லை.
உள்ளே, றிம்மைப் பார்த்துக்கொண்டிருந்தன.

றிம் நாடா ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது.
அந்த இடைவெளியில் ஒரு கம்பியின் தலை,
குரக்கன் மணியளவு, வெளியே.

தையில், மதகில் இடித்து உடைந்த கம்பிக்கு
நான்தான் புதுசு போட்டேன்.
ஒரு நூல் நீளம் கூட. அராவவில்லை.
"பரவாயில்லை" என்று நினைத்தது
இப்போதும் ஞாபகம் இருக்கிறது.
நாலு மாதம் நாடா தாங்கியது,
வைகாசி வெயிலில் விலகியது.

அரம் இரண்டு நிமிட வேலைதான்.
விரல் வழுக்கும்வரை அராவி
துணிப் பிளாஸ்ரர் இரண்டு சுற்று.
புது ரியூப். கொஞ்சம் காற்று, மடிப்பு எடுத்து,
பிறகு அறுபது இறாத்தல்.
பாற்பாரத்தோடு முப்பதில் ஓடித் திரிந்திருக்கிறேன்,
அதையும் என் கணக்கில் எழுதுங்கள்.

ஆனி முடிகிறது. ஒட்டில்லை.
மதகடியில் பவளராணி அக்கா கேட்டார்:
"இண்டைக்கும் காத்துப் போச்சே?"
"இல்லையக்கா. அது கம்பி. என்ர பிழை."
"ஓமோ" என்றார்.
கேனைத் தூக்கித் தந்துவிட்டு
ரோட்டைத்தான் பார்த்தார்,
சிவப்பாய், வளைவு வரைக்கும்.
நான் பாலுக்குள் குனிந்தேன்.
இருபத்தெட்டு.
எழுதினேன்.