வேளச்சேரிப் பாலத்தில்

ஏரியைத் திறக்கப்போகிறார்களாம்.
பாலத்தில் பதினொரு மணிக்கே
இடமில்லை.

எனக்குக் கடவுள் கிடையாது,
வானிலை அறிக்கை உண்டு.
அதையும் முழுசாக நம்பியா
காரை ஏற்றினேன்.

முன்னால் நிற்பது தேவசகாயத்தின் ஆல்டோ.
கண்ணாடியில் ஜெபமாலை,
டயருக்கடியில் செங்கல்.
இரண்டும் அவர் வைத்ததுதான்.

பங்கஜவல்லி ஸ்கூட்டியைக் கீழேயே விட்டுவிட்டாள்.
"வரும் வராதுன்னு யாருக்குத் தெரியும்?"
சொல்லிக்கொண்டே சைலன்சர் வாயில்
பாலித்தீன் கட்டுகிறாள்,
இரண்டு முடிச்சு.

திரும்பி நடக்கிறோம். முழங்கால் தண்ணீர்,
தெருவிளக்கில்லை.
மூடி போன சாக்கடை எந்தப் பக்கம்
என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து:
காலால் தடவித்தான் பார்க்கணும்.

தடவியும் போனது ஒரு கால்.

"கடவுளே" என்றது நான்தான்.
தேவசகாயம் யாரையும் கூப்பிடவில்லை.
"கையக் குடுய்யா" என்றார்.

செருப்பு
போனது போனதுதான்.