எண்ணூறு கிராம்

வில்லெம்ஸ்டாடுக்குப்
பதினோரு முறை போயிருக்கிறோம்.
ஒருமுறைகூட அந்த ஊரைப் பார்த்ததில்லை.

அரை மணி நேர விமானம்தான்.
ஒராஞ்செஸ்டாடில் ஏறி
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதற்குள்
பெல்ட்டைப் போடு, இறங்குகிறோம் என்பார்கள்.
பிறகு டாக்ஸி, பிறகு கண்ணாடிக் கதவு,
பிறகு எங்கள் டோக்கன் எண்.
அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம்
மூன்றாம் மாடி காபி மெஷின்
எந்த நாணயத்தை விழுங்கிவிட்டுச்
சும்மா நிற்கும் என்பது.
மிரெல்வாவுக்குத் தெரிந்தது
அவள் படுத்துப் பார்த்த உட்கூரை:
ஐம்பத்தாறு சதுரம், ஒன்றில் நீர்க்கறை.
ஆமை மாதிரி இருக்குமாம்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னார்,
இனி ஆறு மாதத்துக்கு வர வேண்டாம் என்று.
வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்
"வெள்ளிக்கிழமை போகலாம்" என்றாள்.
எங்கே?
"அங்கேதான்."

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
ஷிப்ட் பார்க்கிறவன் நான்.
உப்பு போய்விட்டது என்பதை
மீட்டர் சொன்னால்தான் நம்புவேன்.
பழைய ஷிப்ட் தாளின் முதுகில்
கட்டம் போட்டு எழுதினேன்:
சனி ஏழு மணிக்கு எழுவது. ஏழரைக்கு மாத்திரை.
ஒன்பதுக்குக் கோட்டை. பதினொன்றுக்கு மியூசியம்.
மாலை கடற்கரை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
என் பேனாவையே வாங்கினாள்.
ஏழு மணியை அடித்தாள்.
மாத்திரையைப் போனால் போகிறதென்று விட்டாள்.
கோட்டையில் வெயில்.
மியூசியமா, மறுபடி ஒரு கூரைக்குக் கீழா?
கடற்கரையை அடிக்கும்போது சிரித்தேவிட்டாள்:
அரூபாக்காரன் கடல் பார்க்கப்
பிளேன் ஏறுகிறான்!

பின்னே என்னதான் செய்வது?

பாலம் என்றாள்.
படகுகளின் மேல் மிதக்கிற மரப்பாலம்.
கப்பல் வந்தால் மணி அடிக்கும்,
ஒரு கரையை விட்டுவிட்டுக்
கதவு மாதிரி ஒதுங்கி நிற்கும்.
அந்நேரம் மேலே நிற்கிறவர்கள்
நின்றபடியே நகரலாம்.
"நாம் அசையாமல் இருக்க
ஊர் மட்டும் தள்ளிப்போகிற மாதிரி இருக்கும்" என்று
காத்திருப்பு அறையில், பக்கத்து நாற்காலி
எர்செலியா சொல்லியிருக்கிறாள்.

எர்செலியாவை ஏழாவது முறைக்குப் பிறகு காணவில்லை.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
அன்றும் பேசவில்லை.

மறுநாள் ஆலையிலிருந்து போன் போட்டேன்:
சனிக்கிழமை பாலம் எத்தனை மணிக்குத் திறக்கும்?
எடுத்தவன் சிரித்தான்.
"கப்பலைத்தான் கேட்க வேண்டும், ஐயா."
சனிக்கிழமைக் கட்டத்தை
வெறுமனே விட்டேன்.
கை கூசியது.

வியாழன் இரவு பெட்டி கட்டினோம்.
பத்து கிலோவுக்கு மேல் கூடாது.
குளியலறை எடை மெஷினில் வைத்தால்
பத்து, எண்ணூறு.
அவள் ஜிப்பைத் திறந்து, தேடாமலே,
நேராக அடியில் கைவிட்டு எடுத்தாள்
மஞ்சள் ஃபைலை:
ஸ்கேன்கள், ரசீதுகள், காப்பீட்டுக் கடிதங்கள்.
பழக்கத்தில் வைத்துவிட்டேன் என்றேன்.
பொய் என்று அவளுக்குத் தெரியும்.
ஃபைல் ஃபிரிட்ஜ் மேல் போனது.
மெஷின் சரியாகப் பத்து காட்டியது.

பிறகு அலமாரியைக் குடைந்து
சிவப்புச் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து
அந்தப் பள்ளத்திலேயே திணித்தாள்,
குதிகால் விரல் நீளம்.
பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ளும் என்றேன்.
"மாட்டட்டும்."
மறுபடி எடை பார்க்க விடவில்லை.

விமானம் மாலை ஆறு நாற்பதுக்கு.
பதினோரு முறையும் விடிகாலை விமானம் என்பதால்
நாலரைக்கு அலாரம் வைத்துத் தொலைத்திருக்கிறேன்.
அடித்தது.
இருட்டில் இருவரும் எழுந்து உட்கார்ந்தோம்.
இன்னும் பதினான்கு மணி நேரம்
போவதற்கு ஓர் இடமும் இல்லை.

"எழுந்ததுதான் எழுந்தாய்,
காபி போடு" என்றாள்,
"காசு போடாமல் வருகிற காபி."