பின் இடது

எஸ்.பி. ரோட்டில் ஆறு கடை ஏறி இறங்கியபிறகு
ஜெயசீலன் ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்தார்,
பலாப்பழத்தைத் தட்டுவதுபோல.
"மரம் சார், பிளாஸ்டிக் மாதிரி இரையாது" என்றான் ஃபயாஸ்.
ஐந்து குரல், ஒரு முழக்கம்.
விலை சொன்னபோது மட்டும்
நான் நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

ஏழு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி.
கழுத்தில் போட்ட சங்கிலி
ஒன்பதாம் நாள் பீரோவுக்குத் திரும்பியது.
இடது காது திரும்பவில்லை.
கல்யாணத்துக்கு முன்பே சொல்லியாயிற்று.
அன்றிலிருந்து அவர் என் வலப்பக்கம்தான் நடக்கிறார்,
லாரி உரசினாலும்.
பதினொரு வருடம்.
நடை நின்றுவிட்டது காலில்,
காரணம் எங்கோ உதிர்ந்துவிட்டது.

முருகேஷ்பாளையாவில் இரண்டாம் மாடி,
பத்துக்குப் பதினான்கு ஹால்,
பத்து மாத அட்வான்ஸ்.
பெட்டிகள் ஏறுவதைப் பார்த்து
பின்னாலேயே ஏறி வந்தார் நஞ்சுண்டப்பா:
"மொளெ மாத்ர ஹொடீபேடி."
ஆணி கூடாது. சரி.
டிவிக்குக் கீழே பேச்சு.
இரண்டு பக்கமும் இரண்டு,
உட்கார்ந்தால் காது வரும் உயரத்துக்கு
பழைய டெலிபோன் டைரக்டரிகள் கொடுத்து.
பின் வலது, பிரிட்ஜின் தலையில்.
பின் இடதுக்குத்தான் இடமில்லை.
பால்கனிக் கதவு, துணி ஸ்டாண்ட், தண்ணீர் கேன்.
கடைசியில் என் அரிசி டிரம்மை நகர்த்தி
அதன்மேல் உட்காரவைத்தார்கள்.
மாசக் கடைசியில் டிரம் காலியானால் அதிருமே என்றேன்.
"நெறச்சு வைங்க மேடம்" என்றான் ஃபயாஸ்,
சம்பளம் அவன் போடுவதுபோல.

சோபாவில் என் தலை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு மைக் நின்றது.
டேப் பிடித்து அளந்தார்கள்.
இரைச்சல் ஒன்று மூலைமூலையாகச் சுற்றி வந்தது.
மைக்கை எடுத்துவிட்டு
என்னை உட்காரவைத்தார் ஜெயசீலன்.
"கண்ண மூடிக்கோ. எது பேசுதுன்னு காட்டு."
பிரிட்ஜைக் காட்டினேன்.
மறுபடி.
பிரிட்ஜ்.
மூன்றாம் முறையும் என் விரல்
பிரிட்ஜுக்கே போனது.

கண்ணைத் திறந்தபோது
ஃபயாஸ் ஸ்க்ரூடிரைவரின் முனையை
ஆராய்ந்துகொண்டிருந்தான்.
ஜெயசீலனுக்குக் காது சிவந்திருந்தது,
இரண்டும்.
"திருப்பிக் குடுத்துடலாமா?"

எதற்கு?
எனக்கு உலகம் முழுக்க வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது.
எச்.ஏ.எல்.லிலிருந்து விமானம் கிளம்பினால்
மாடிப் பிள்ளைகள் வானத்தைக் காட்டும்.
நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
என் குக்கர் விசிலை
எதிர்வீட்டுக்காரி குக்கரென்று நினைத்து
இரண்டு தடவை பருப்பைத் தீயவிட்டவள்.
வந்து சேர்கிறதே, அது போதாதா.

மிச்சமிருந்தது அந்தக் கனத்த கறுப்புப் பெட்டி.
இதை எங்கே வைப்பது என்று கேட்டேன்.
"எங்க வேணா வைங்க. இதுக்கு திசை கெடையாது.
எங்கேர்ந்து வருதுன்னு
யார் காதும் கண்டுபிடிக்காது."
யார் காதும்.
சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்,
தரையோடு.

ராத்திரி ஒரு மழைப் படம்.
ஜெயசீலன் இடம் மாறி
என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.
அரிசி டிரம்மின்மேல் ஏதாவது நடந்தால்
என் இடது தோளில் ஒரு விரல் தட்டியது.
ஒரு தட்டு, கதவாம்.
இரண்டு தட்டு, யாரோ ஓடுகிறார்களாம்.
இடைவேளைக்குள் தூங்கிவிட்டார்.
அதற்குப் பிறகு அந்த மூலையில்
யார் வந்தார்கள், யார் செத்தார்கள், தெரியாது.
இடி மட்டும் மொசைக் வழியாக ஏறி
உள்ளங்காலுக்கு வந்துகொண்டிருந்தது.

பத்தேகாலுக்கு இன்னொரு சத்தம்.
தட். தட். தட்.
படத்தில் இல்லாதது.
எழுந்த ஜெயசீலன் நாலு மூலையையும் பார்த்தார்,
பிரிட்ஜை, டிரம்மை, கதவை.
நான் நேர்கீழே விரலைக் காட்டினேன்:
நஞ்சுண்டப்பா,
ஒட்டடைக் கம்பு.