பின்கண்ணாடி

வேலை முடிய
பிடரிக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடிப்பேன்.
எல்லாரும் தலையாட்டுவார்கள். எவரும் பார்ப்பதில்லை.
பதினேழு வருசம்
களுவாஞ்சிக்குடிச் சந்தை வீதியில்
இப்படித்தான் என் கண்ணாடி.

பூபாலப்பிள்ளை அண்ணன் மாதம் ஒருக்கா வருவார்.
படுவான்கரையில் வயல்.
மண்டூர்த் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி
குருமண்வெளியில் இறங்கி,
யானை மிதித்த வரம்பையும் உர விலையையும் ஏசிக்கொண்டே
கதிரையில் சாய்வார்.

மாசியில்தான் முதலில் கண்டேன்.
இடது காதின் பின்னால், மடலின் நிழல் விழும் இடத்தில்
மிளகளவு கறுப்பு.
ஓரம் மட்டும் மெழுகு பூசினதுபோல் மினுங்கியது.
கத்தி நுனி பட்டது. இரத்தம்.
"என்னடா, வெட்டிப்போட்டியா?"
"சின்னக் கீறல் அண்ணே."
படிகாரக் கட்டியை நனைத்து அழுத்தினேன்.
பொய் இல்லை.
அன்றைக்கு எனக்கும் அது கீறல்தான்.

பங்குனியில் அதே இடம், அதே பொருக்கு.
கத்தியே படவில்லை, சீப்புக்கே கசிந்தது.
கீறல் என்றால் ஏழு நாளில் மூடும்.
என் விரல்களில் எத்தனை மூடியிருக்கின்றன,
எனக்குத் தெரியாதா?
தெரியும். வாய் வரவில்லை.
நீ வெட்டினதுதான் புண்ணாப்போச்சு என்பார்,
ஊர் கேட்கும்,
அடுத்த சலூன் இரண்டு கடை தள்ளி.
படிகாரம். பவுடர். கண்ணாடி.
தலையாட்டினார். போனார்.

சித்திரை வருசத்துக்கு முந்தின நாள்.
வாங்கு நிறைய ஆட்கள்.
அது பெருக்கவில்லை, அதுதான் என்னை ஏமாற்றியது.
நடுவில் மட்டும் சின்னக் குழி.
"நோகுதா அண்ணே?"
"என்னத்த நோகிற? ஒண்டுமில்ல."
நோகாமல் இருந்ததுதான் எனக்குப் பயம்.

வாங்குக்குக் கேட்காமல் குனிந்து சொன்னேன்:
"மூணு மாசமா இது ஆறல்ல. என்ர கத்தியில்ல.
என்ர கத்தியெண்டாலும் பரவால்ல,
தோல் கிளினிக்கில ஒருக்காக் காட்டுங்க."
காதை விரலால் மடித்து
கறுப்பு முன்கண்ணாடியில் விழும்வரை
பின்கண்ணாடியைத் திருப்பினேன்.
பார்த்தார்.
அறுபத்திரண்டு வயதில்
தன் காதின் பின்புறத்தை முதல்முறை.
காசை வைத்துவிட்டு
மிச்சம் வாங்காமல் போனார்.

வைகாசியில் வரவில்லை.
ஆனியிலும் இல்லை.
இரண்டு கடை தள்ளிப் போகிறாரோ என்று
சவரத்தின் நடுவில் எட்டி எட்டிப் பார்த்தேன்.
ஒரு பிள்ளையின் கிருதாவைக்கூட
ஏற்ற இறக்கமாய் விட்டுவிட்டேன்.

ஆடியில் ஒரு பின்னேரம் வாசலில் நின்றார்.
காதுக்குப் பின்னால் பிறைபோலத் தையல் தழும்பு.
"மட்டக்களப்பில வெட்டியெடுத்துச்
சோதினைக்கு அனுப்பினவங்க. புற்றுத்தான்டா.
ஆழமாப் போகல்லையாம். முழுசா வந்திட்டாம்."
கதிரையில் சாய்ந்து, மறுகா சொன்னார்:
"அந்த டொக்டர் புள்ள என்ர செருப்பைக் கழட்டச் சொல்லி
உள்ளங்காலப் பாத்தா. நகத்த ஒவ்வொண்டாப் பாத்தா.
நம்மட நிறத்துக்குச் சிலது அங்கதான் ஒளிஞ்சிருக்குமாம்."
"வெயில் படாத இடத்திலயா?"
"நானும் அதைத்தான் கேட்டன்."

இரவு கடையைப் பூட்டி, சட்டையைக் கழற்றி,
சின்னக் கண்ணாடியைத் தோளுக்கு மேலால் பிடித்தேன்.
கை எட்டவில்லை.
ஊர்ப் பிடரியெல்லாம் பார்க்கிறவனுக்குத்
தன் முதுகில் பாதிதான் தெரிந்தது.

வீட்டில் தவமலர் போன் வெளிச்சத்தை அடித்தாள்.
"என்னத்தத் தேடுற?"
"புதுசா ஏதும். மாறினது. ஆறாதது."
"இந்த மறு கலியாணத்திலயே இருந்தது."
"சரி, அத விடு. கீழ பார்."
குதிக்கால்வரை பார்த்தாள்.
விரலிடுக்கில் சேறும் மயிரும்தானாம்.

பிறகு போனை என் கையில் தந்து
மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து
கொண்டையை அவிழ்த்து
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.